வேலைக்குப் போறவங்களுக்கு பாக்ஸிங்கா, சிலம்பமா, கராத்தேவா? தண்டையார்பேட்டை மொட்டைமாடி கிளாஸ் ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிடுறேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்காக. வடசென்னைல குடியிருக்கீங்க, வயசு முப்பத தாண்டிருச்சு, இதுவரைக்கும் எந்த சண்டைக் கலையும் கத்துக்கிட்டதில்ல, இப்ப ஏதாவது ஒண்ணு ஆரம்பிக்கணும்னு இருக்குன்னா பாக்ஸிங் போங்க. பாக்ஸிங் ஒத்து வரலன்னா சிலம்பம். இந்த ரெண்டுக்கும் நம்ம பக்கம் சொல்லித்தர ஆளு இருக்கு, ஃபீஸ் கட்டுப்படியாகும், ராத்திரி முடிச்சுட்டு நடந்தே வீட்டுக்கு வந்துடலாம். ஆனா எந்தக் கலையா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் ஓரமா உக்காந்து ஒண்ணே ஒண்ண பாருங்க, அங்க கத்துக்கிறவங்களுக்கு எதுத்தாப்புல இன்னொரு ஆள் நிக்கிறாங்களான்னு. கடைசி வரைக்கும் காத்துல குத்திக்கிட்டு காத்துல உதைச்சுக்கிட்டே கிளாஸ் முடியுதுன்னா அங்க பணம் கட்டாதீங்க.

நான் பாரிமுனைல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், பில் ஆஃப் என்ட்ரி ஷிப்பிங் பில்லுன்னு நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடிதான், வயசு 37, ரெண்டு பசங்க, வீடு தண்டையார்பேட்டை. கழுத்தும் தோளும் இறுகிப் போய் டாக்டர் கிட்ட போனா உடம்பு அசையற மாதிரி ஏதாவது பண்ணுங்கன்னாரு. வாக்கிங் போனேன், மனசு ஒட்டல. சின்ன வயசுலேந்து சண்டை கத்துக்கணும்னு ஒரு ஆசை இருந்துது, எங்க தெருவுல பசங்க மட்டும்தான் போவாங்க, பொம்பளப் புள்ளைங்கள யாரும் அனுப்ப மாட்டாங்க. அந்த ஆசை அப்படியே உள்ள கெடந்துது. சரி இப்பவாவது போலாம்னு ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொத்தியூர் வரைக்கும் கேட்டுக் கேட்டுப் போய்ப் பாத்தேன். ஆபீஸ் முடிஞ்சு நேரா போறதுதான், மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுலேந்து அது ஒரு பெரிய உதவி, கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ஆட்டோல மாட்டிக்கிட்டு நிக்க வேணாம்.

கராத்தே கிளாஸ்தான் எங்க பாத்தாலும் கெடைக்கும், ஸ்கூல் கிரவுண்டு, கல்யாண மண்டபம், மாடி ஹால்னு. கராத்தே நல்ல கலை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஒகினாவாவுல பொறந்தது, 1922ல கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோல வந்து செஞ்சு காட்டுனதுக்கு அப்புறம்தான் ஜப்பான் முழுக்க பரவுச்சு, ஷோட்டோகான் கோஜு ரியு ஷிட்டோ ரியு வாடோ ரியுன்னு பல வழி இருக்கு. பிரச்சனை என்னன்னா நான் போன எடங்கள்ல பாதிக்கு மேல சின்னப் பசங்க கிளாஸ்தான். பெரியவங்களும் சேரலாம்னு சொல்லுவாங்க, போனா எட்டு வயசு பசங்களோட கடைசி வரிசைல நிக்க வச்சுடுவாங்க. மாஸ்டர் மேல தப்பு சொல்ல முடியாது, அறுவது பசங்கள ஒரே ஆளா மேய்க்கிறாரு, நம்ம முட்டி எப்படி மடங்குது, இடுப்பு திரும்புதான்னு பாக்க அவருக்கு ஏது நேரம்.

ஒரு எடத்துல, பேர் வேணாம், சேர்ற அன்னைக்கே டிரஸ்ஸு, அசோசியேஷன் கார்டு, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ பெல்ட் டெஸ்ட்டுன்னு ஒரு பெரிய கணக்கு குடுத்தாங்க. மாச ஃபீஸ விட டெஸ்ட் ஃபீஸ் ஜாஸ்தி. குமித்தே எப்ப சொல்லித் தருவீங்கன்னு கேட்டேன், குமித்தேன்னா ரெண்டு பேர் எதிர் எதிர்ல நின்னு மோதுறது, அதுக்கு ப்ரௌன் பெல்ட் வரணும்னு சொன்னாங்க. அதாவது வருஷக்கணக்கா கட்டா மட்டும், ஆளில்லாம வரிசையா செஞ்சு காட்டுற அசைவுங்க, அதையே செஞ்சுக்கிட்டே இருக்கணும். இது எனக்கு ஒத்துக்கவே முடியல. பெல்ட்டு கொடுக்குற பழக்கமே ஜூடோவ உருவாக்குன ஜிகோரோ கானோ கிட்டேந்து வந்தது, 1883ல அவர் மொத தடவ டான் பட்டம், இப்ப நாம கறுப்பு பெல்ட்டுன்னு சொல்ற நிலை, அத குடுத்தாரு, இந்த மஞ்சள் ஆரஞ்சு பச்சைன்னு கலர் கலரா வந்ததெல்லாம் ரொம்பப் பின்னாடி ஐரோப்பாவுல. பெல்ட்டு நம்ம எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்க உதவும், சரி, ஆனா அதுக்காக வருஷக்கணக்கா எதுத்தாப்புல ஆளே இல்லாம நிக்கச் சொன்னா வேலை வீடுன்னு அலையுற நாம எதுக்கு அங்க போகணும்? நோட்டீஸ்ல ஒலிம்பிக் விளையாட்டுன்னு வேற பெருசா போட்டிருந்தாங்க, கராத்தே டோக்கியோ ஒலிம்பிக்ல மட்டும்தான் இருந்துது, 2024 பாரிஸ்ல எடுத்துட்டாங்க. ஒலிம்பிக்ல நிலையா இருக்குறது ஜூடோவும் டேக்வாண்டோவும், டேக்வாண்டோ 2000 சிட்னிலேந்து பதக்கத்தோட இருக்கு. மறுபடியும் சொல்றேன், நல்ல கராத்தே மாஸ்டர் கெடைச்சு பெரியவங்களுக்குன்னு தனி பேட்ச் இருந்து மொத மாசத்துலேந்தே ஜோடியா பயிற்சி குடுத்தா தாராளமா சேருங்க, எங்க பக்கம் எனக்கு அமையல.

ஜிம்முல கிக்பாக்ஸிங்னு போடுறாங்களே, அதுவும் ஒரு எடத்துல போய்ப் பாத்தேன். ஏசி ஹாலு, பாட்டு அதிருது, கண்ணாடி முன்னாடி நின்னு ஒன் டூ கிக்குன்னு ஒரு மணி நேரம். வேர்க்கும், கலோரி கரையும், உடம்ப கொறைக்கணும்னா போகலாம். சண்டைக் கலைன்னு சொல்லி அதுக்குண்டான காசு வாங்குறதுதான் தப்பு. எல்லாரும் கண்ணாடியத்தான் பாக்குறாங்க, ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல.

ஜூடோவும் பிரேசிலியன் ஜியு ஜிட்சுவும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது, காரணம் இதுல ஆள் இல்லாம பயிற்சியே கெடையாது, ஒருத்தர பிடிச்சாதான் பாடம் ஆரம்பிக்கும். ஜூடோல மொத மொத கத்துத் தர்றதே விழறதுக்குத்தான், முதுகு வளைஞ்சு, தாடைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு, கைய தரைல படார்னு தட்டி விழணும். நம்ம வயசுக்கு இதவிட உபயோகமான பாடம் வேற இருக்கான்னே தெரியல, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பொடிஞ்ச கதை எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. ஜியு ஜிட்சுல தரைல உருண்டு பிடி போட்டு, பிடி தாங்கலன்னா தட்டுனா போதும் எதிராளி உடனே விட்டுடுவாங்க, தலைல அடியே கெடையாது. ஆனா மேட் போட்ட ஹால் வேணும், அந்த மாதிரி கிளாஸ் எனக்குக் கெடைச்சதெல்லாம் அண்ணாநகர் நுங்கம்பாக்கம் தாண்டிதான், ஃபீஸும் ரெண்டு மடங்குக்கு மேல. போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம்னா ரெண்டு வாரம் போவோம், மூணாவது வாரம் புள்ளைக்கு பரீட்சைன்னு நின்னுடுவோம். வண்டி வச்சிருக்கவங்க, நேரம் ஒத்து வர்றவங்க அத யோசிங்க, முட்டி தோள் வலி ஏற்கனவே இருக்கவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டுப் போங்க.

இப்ப சிலம்பம். காசிமேடு தாண்டி ஒரு திறந்த கிரவுண்டுல சாயங்காலம் ஒரு ஆசான் சொல்லித் தர்றாரு, அங்க கொஞ்ச நாள் போனேன், விட மனசே இல்ல. மொத நாளு கம்ப கைல குடுக்கல, காலடி மட்டும்தான். முன்னாடி வச்ச காலு பின்னாடி போற விதம், திரும்புற விதம், உடம்பு எடை எந்தக் கால்ல நிக்குதுன்னு அதையே திருப்பித் திருப்பி. அப்புறம்தான் கம்பு, நம்ம நெத்தி உயரத்துக்கு இருக்கணும்னு நிக்க வச்சு அளந்து குடுத்தாரு. கம்பு சுத்த ஆரம்பிச்சா மணிக்கட்டு, முழங்கை, தோள், நடு முதுகுன்னு ஒண்ணு விடாம வேலை செய்யும், ரெண்டு வாரத்துல என் கழுத்துப் பிடிப்பு பாதி கொறைஞ்சுது, உண்மையா சொல்றேன். குதிக்க வேணாம், ஓட வேணாம், தரைல விழ வேணாம். அம்பது வயசு அண்ணன் ஒருத்தரு ஹார்பர்ல வேலை, அவர் கம்பு சுத்துனா விர்ருனு சத்தம் வரும், பக்கத்துல நிக்கிற பசங்க எல்லாம் தன் பயிற்சிய விட்டுட்டு அவரத்தான் பாக்கும்.

சிலம்பத்துல சுத்துறது வேற, மோதுறது வேற. அலங்காரமா சுத்தி காட்டுறது பாக்க அழகா இருக்கும், போட்டிக்கும் தனிப் பிரிவு இருக்கு. ஆனா தொடுமுறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, எதிராளி கம்ப தடுத்து, ஒதுங்கி, கம்பு நுனியால அவங்க மேல தொடணும், அதுலதான் உயிரே இருக்கு. கம்போட கம்பு மோதுறப்ப கைல ஒரு அதிர்வு ஏறும், அத தாங்கிக்கிட்டு கண்ண மூடாம நிக்கப் பழகணும். ஆசான் அதக் கேட்டா உடனே சொல்லித் தர்றாரு, தடுக்குற அடி அஞ்சாறு வந்ததுமே ஜோடி போட்டு விட்டுடுவாரு. எதுத்தாப்புல ஆள் இருக்கணும்னு நான் சொல்றது இங்க இருக்கு.

அப்புறம் ஏன் அங்கயே இருக்கலன்னா, கூட்டம். சிலம்பத்த அரசு வேலைக்கான 3 சதவீத ஸ்போர்ட்ஸ் கோட்டால சேத்ததுக்கு அப்புறம், 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டில காட்சி விளையாட்டா வச்சதுக்கு அப்புறம், புள்ளைங்கள சேக்குறவங்க ரொம்ப ஜாஸ்தியாயிட்டாங்க. சந்தோஷமான விஷயம்தான், நம்ம கலைக்கு இப்பதான் ஒரு மரியாத கெடைக்குது. ஆனா கம்பு சுத்த ஆளுக்கு ஆள் எடம் வேணும், சுத்தி பசங்க ஓடிக்கிட்டு இருந்தா பெரியவங்க முழு வீச்சுல சுத்தவே முடியாது, பயந்து பயந்து கைய சுருக்கிக்கணும். காலைல அஞ்சரை மணி பேட்ச்ல எடம் இருக்கு, பெரியவங்க அதுலதான் வர்றாங்க, எனக்கு அந்த நேரத்துல சமையல், டிபன் பாக்ஸு. உங்களுக்கு காலைல நேரம் இருந்தா யோசிக்கவே வேணாம், இதுலயே சேந்துடுங்க. வீட்டு மாடில தனியா சுத்திப் பழகலாம்னு நெனைக்கிறவங்க கேபிள் ஒயரு துணிக்கொடி எல்லாம் பாத்துக்கோங்க.

சரி, நான் கடைசியா சேந்து இப்ப வரைக்கும் போயிட்டு இருக்குற கிளாஸுக்கு வர்றேன். தண்டையார்பேட்டைல ஒரு வீட்டு மொட்டைமாடில நடக்குற பாக்ஸிங் கிளாஸ். போர்டு கெடையாது, ஆன்லைன்ல தேடுனா வராது. ரெண்டு மாடி ஏறிப் போனா ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பாதி மாடி, ரப்பர் மேட்டு, குத்திப் பழகுற பேக்கு நாலு தொங்குது, ஓரத்துல ஸ்கிப்பிங் கயிறு மாட்டிருக்கும், சுவத்துல ஒரு பழைய கடிகாரம். ரிங் கெடையாது, தரைல பெயிண்ட்டால சதுரம் போட்டிருக்காங்க. மாஸ்டருக்கு அறுவதுக்கு மேல இருக்கும், அவங்க அப்பா காலத்துலேந்து பாக்ஸிங் குடும்பம். இந்த ஊருக்கு பாக்ஸிங் புதுசு இல்லன்னு உங்களுக்கே தெரியும், வெள்ளக்காரன் காலத்துலேந்து சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை பிரிஞ்சு மோதுன மண்ணு இது. 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட கண்காட்சி சண்டை போட்டப்ப வடசென்னையே அங்கதான் இருந்துதுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு. நான் பாக்ஸிங் போறேன்னு சொன்னதும் மாமியார் மூஞ்சி சுருங்கிச்சு, மூக்கு உடைஞ்சா யாரு பாக்குறதுன்னு கேட்டாங்க, மாமனார்தான் போவட்டும் விடுன்னாரு.

சாயங்காலம் ஏழரைலேந்து எட்டே முக்கா வரைக்கும் பெரியவங்க பேட்ச், பசங்க பேட்ச் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். மொத்தமா பத்து பன்னண்டு பேர் வருவோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரில வேலை பாக்குற ஒரு நர்ஸ் சிஸ்டர், மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் வண்டி ஓட்டுற ஒரு தம்பி, பேங்க்ல இருக்குற அண்ணன், காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க. மூணு நிமிஷம் ரவுண்டு, ஒரு நிமிஷம் ரெஸ்ட், பெரிய போட்டில இருக்குற அதே அளவு, கிளாஸ் முழுக்க அந்த மணி அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஸ்கிப்பிங் மூணு ரவுண்டு, நிழல் குத்து ரெண்டு ரவுண்டு, அப்புறம் ஜோடி. மூணு நிமிஷம்னா கம்மின்னு நெனைப்பீங்க, கை ரெண்டையும் தாடைக்குப் பக்கத்துல தூக்கி வச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு நில்லுங்க, தெரியும்.

நான் சேந்த மொத நாளே என்ன ஆளோட நிக்க வச்சுட்டாரு. குத்தவே இல்ல. அந்த சிஸ்டரும் நானும் எதிர் எதிர்ல நின்னு, அவங்க கைய நீட்டி என் தோள தொட வரணும், நான் காலால ஒதுங்கணும், அப்புறம் நான் தொட வரணும் அவங்க ஒதுங்கணும், அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு, அதவிட முக்கியம், இன்னொருத்தர் கை நம்ம மேல வர்றப்ப உடம்பு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுது. கண்ணு தானா மூடிக்குது, மூச்ச பிடிச்சுக்கறோம், பின்னாடி சாயறோம். மாஸ்டர் பக்கத்துல வந்து நின்னு, "மூச்ச வுடும்மா, மூச்ச வுடு, கண்ண தொறந்து அவங்க நெஞ்ச பாரு, கைய பாக்காத, நெஞ்சு திரும்புனாத்தான் கை வரும்" அப்படின்னாரு. இத எந்த வீடியோ பாத்தும் கத்துக்க முடியாது.

ஜாப், அதாவது முன் கையால நேரா குத்துறது, அத சொல்லித் தர்றதுக்கு ஒரு வாரம் எடுத்துக்கிட்டாரு. முழங்கை வெளிய பறக்கக் கூடாதுன்னு அக்குள்ல ஒரு துண்ட மடிச்சு வச்சுடுவாரு, குத்துறப்ப துண்டு நேரத்துக்கு முன்னாடி விழுந்துதுன்னா முழங்கை விரிஞ்சிருச்சுன்னு அர்த்தம், எடுத்து மறுபடி வச்சுட்டு ஆரம்பிக்கணும். க்ராஸுக்கு, அதாவது பின் கையால குத்துறதுக்குப் போனப்ப கைய பத்திப் பேச்சே இல்ல, பின்னங்கால் குதிகால் திரும்புதா, இடுப்பு திரும்புதா அதான் பாத்தாரு. குனிஞ்சு ஒதுங்குறதுக்கு மாடில துணி காயப்போடுற கொடியத்தான் பயன்படுத்துறோம், நம்ம தோள் உயரத்துக்கு எறக்கிக் கட்டிடுவாரு, இந்தப் பக்கம் ஒரு ஜாப், முட்டிய மடக்கி கொடிக்குக் கீழ புகுந்து அந்தப் பக்கம் எந்திரிச்சு ஒரு ஜாப், இப்படியே கொடி முடியற வரைக்கும். கழுத்த மட்டும் குனிஞ்சா கொடி மூஞ்சில தட்டும், அதனால முட்டி தானா மடங்கக் கத்துக்கும். தொடைல தீ பத்துன மாதிரி இருக்கும், ஆனா ரெண்டு மாசத்துல எங்க ஆபீஸ் மாடிப்படி ஏறுறது எனக்கு ஒரு விஷயமாவே தெரியல.

தலைல அடி பத்திக் கண்டிப்பா கேளுங்க, எந்த பாக்ஸிங் கிளாஸா இருந்தாலும். இது சின்ன விஷயம் இல்ல. தலைல திரும்பத் திரும்ப குத்து வாங்குன பாக்ஸருங்களுக்கு மூளை பாதிக்குதுன்னு ஹாரிசன் மார்ட்லண்ட்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1928லயே எழுதிட்டாரு. ஹெட்கார்டு போட்டா வெட்டுக்காயம் கொறையும், மூளை குலுங்குறத அது தடுக்காது. அமெச்சூர்ல பெரிய ஆம்பளைங்க பிரிவுல 2013லேந்து ஹெட்கார்டையே எடுத்துட்டாங்க, பொம்பளைங்களுக்கு இன்னும் இருக்கு. போட்டிக்குப் போற பசங்க அந்த ரிஸ்க்க தெரிஞ்சு எடுக்குறாங்க. எலைட்னு சொல்ற பெரியவங்க போட்டிப் பிரிவே 40 வயசு வரைக்கும்தான், நாம எந்தப் பதக்கத்துக்காக தலைய குடுக்கணும்? எங்க மாஸ்டர் இதுல ரொம்ப கறார். பெரியவங்க பேட்ச்ல ஸ்பாரிங்னா, அதாவது ஜோடியா மோதிப் பழகுறதுன்னா, நெஞ்சுக்கும் வயித்துக்கும் மட்டும், அதுவும் பாதி பலத்துல, தலைக்கு வர்ற குத்து எல்லாம் கைய நீட்டி நெத்திக்கு முன்னாடி நிறுத்திடணும். ஒரு பையன் புதுசா வந்தவன், வேகத்துல பேங்க் அண்ணன் தாடைல ஒண்ணு வச்சுட்டான், மாஸ்டர் மணிய நிறுத்தி அவன் க்ளவுஸ கழட்டச் சொல்லி அன்னைக்கு முழுக்க ஸ்கிப்பிங் மட்டும் பண்ண வச்சாரு, திட்டல, கத்தல. அதுலேந்துதான் இந்த கிளாஸ் மேல எனக்கு முழு நம்பிக்கை வந்துது. நீங்க எங்க சேந்தாலும், ஒருத்தருக்கு அடி பட்டா அந்த மாஸ்டர் என்ன பண்றாருன்னு பாருங்க. "பாக்ஸிங்னா அடி படத்தான் செய்யும்"னு சிரிச்சுட்டுப் போற எடமும் ஒண்ணு நான் பாத்தேன், அங்க மறுபடி போகல.

பொம்பளைங்க கேக்குற கேள்விக்கு வர்றேன், ஏன்னா என் கூட வேலை பாக்குறவங்க மொதல்ல கேட்டதே இதுதான். நாங்க நாலஞ்சு பேர் இருக்கோம், ஜோடி பெரும்பாலும் எங்களுக்குள்ளயே. ஆம்பளைங்களோட ஜோடி போடணும்னா நம்மள கேட்டுட்டுத்தான் போடுவாரு. கை கால் பொசிஷன் திருத்தறதுக்கு மாஸ்டர் தொடவே மாட்டாரு, குத்து வாங்குறதுக்கு கைல பிடிக்கிற பேடு ஒண்ண மூங்கில் குச்சில கட்டி வச்சிருக்காரு, அதால முழங்கைய லேசா தட்டி காட்டுவாரு, இல்லன்னா அந்த சிஸ்டர கூப்பிட்டு சொல்லுவாரு. டிராக் பேண்ட்டு, தொளதொள டீஷர்ட்டு போதும். துணி மாத்த கீழ அவங்க வீட்டு ரூம குடுக்குறாங்க, மாஸ்டரோட வீட்டுக்காரம்மா இருப்பாங்க. மேரி கோம் தன்னோட ஆறாவது உலகப் பட்டத்த டெல்லில வாங்குனது 2018ல, மூணு பசங்களுக்கு அம்மா ஆனதுக்கு அப்புறம். எங்க பேட்ச்ல இருக்குற காலேஜ் பொண்ணுங்க ஸ்கிப்பிங் பண்றப்ப அவங்க பேரத்தான் சொல்லிக்கிட்டு குதிக்குதுங்க.

கொறைகளும் இருக்கு, மறைக்க மாட்டேன். பேக்குல மணலும் பழைய துணியும் கலந்து அடைச்சிருக்கு, மணல் எறங்கி எறங்கி அடிப்பக்கம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. மேல் பாதில மட்டும் குத்துங்க, கீழ குத்துனா மணிக்கட்டு போயிடும். இத மாத்தச் சொல்லி நாங்க எல்லாரும் கேட்டிருக்கோம், ஒரு பேக்க மட்டும் பிரிச்சு முழுக்க துணி அடைச்சாரு, மத்தது அப்படியே இருக்கு. கடல் காத்துல சங்கிலி எல்லாம் துரு. பொது க்ளவுஸ் வச்சிருக்காங்க, நாத்தம் தாங்காது, சொந்தமா வாங்கிடுங்க. பாத்ரூம் ஒண்ணுதான். ஐப்பசி கார்த்திகை மழைல பாதி மாடிதான் கெடைக்கும், சாரல் அடிச்சா மேட் வழுக்கும், அப்ப கிளாஸ கேன்சல் பண்ணிடுவாரு, அதுக்கு ஃபீஸ் கழிச்சுக்க மாட்டாரு. மே மாசம் ஆஸ்பெஸ்டாஸ் சூடு ராத்திரி எட்டு மணிக்கும் எறங்காது. இன்னொண்ணு, மாஸ்டர் எழுதிக் குடுக்குற ஆள் இல்ல, நேத்து என்ன பண்ணோம்னு நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும். கால் உதை, தரைப் பிடி எதுவும் இங்க கெடையாது, அது வேணும்னா தாய்லாந்து சண்டைக் கலையான முய் தாயோ ஜூடோவோ வேற பாக்கணும்.

தற்காப்புக்கு ஆகுமான்னு கேக்குறவங்களுக்கு, ஆகும், நான் பாத்த வரைக்கும் இது என்ன தருதுன்னா தூரம் தெரியுது. ஒருத்தர் எவ்வளவு பக்கத்துல வந்தா கை எட்டும், எப்ப ஒரு அடி பின்னாடி எடுத்து வைக்கணும், எப்ப ஓடணும்னு உடம்புக்குத் தெரிஞ்சிடுது. பீச் ஸ்டேஷன்ல கூட்டத்துல ஒருத்தன் இடிக்கிற மாதிரி வந்தப்ப என் காலு தானா ஒதுங்கிச்சு, அவன் கடந்து போயிட்டான். மாஸ்டரும் அதத்தான் சொல்றாரு, கத்தி வச்சிருக்கவன் கிட்ட குத்த நிக்காத, போயிடுன்னு.

செலவுன்னு பாத்தா மாச ஃபீஸ் 1,500, ஸ்டூடண்ட்டுக்கு 800. டிரஸ், கார்டு, டெஸ்ட்டு எதுவும் கெடையாது. க்ளவுஸு பெரியமேட்டுல நேரு ஸ்டேடியம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கடைங்க இருக்கு, அங்க போய் கைல போட்டுப் பாத்து வாங்குங்க, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணாதீங்க, அளவு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. கை சின்னதா இருக்கவங்களுக்கு பேக்குக்கும் பேடுக்கும் 10 அவுன்ஸ் 12 அவுன்ஸ் போதும், ஜோடியா ஸ்பாரிங் பண்றப்ப 14 இல்ல 16 அவுன்ஸ் போடணும், எதிராளிக்காக. ஆனா மொத மாசம் க்ளவுஸே வேணாம். ஹேண்ட் ராப், அதாவது கைல சுத்திக் கட்டுற நாடாத் துணி, அத மட்டும் நாலரை மீட்டர்ல வாங்குங்க, ரெண்டரை மீட்டர் பத்தாது, மணிக்கட்டுல மூணு சுத்து, உள்ளங்கைய சுத்தி, விரல் இடுக்கு ஒவ்வொண்ணுலயும் விட்டு எடுத்து, கட்டை விரல பூட்டி, மறுபடி மணிக்கட்டுல முடிக்கணும். புதுசா குத்துறவங்களுக்கு சுண்டு விரல் பக்கம் இருக்குற எலும்புதான் உடையும், ஆள்காட்டி விரல் நடு விரல் முட்டில படற மாதிரி குத்தப் பழகணும், அது வரைக்கும் ராப் இல்லாம பேக்க தொடாதீங்க. க்ளவுஸ் வாங்குனதும் தெனமும் வீட்டுக்கு வந்த உடனே உள்ள நியூஸ்பேப்பர சுருட்டித் திணிச்சு ஃபேன் கீழ வைங்க, பைக்குள்ளயே விட்டா ரெண்டு நாள்ல பூஞ்சை. மௌத்கார்டு சுடுதண்ணில போட்டு கடிச்சு அளவு எடுக்குற ரகம் போதும். ரன்னிங் ஷூ அடி தடியா இருக்கும், காலு மடங்கும், தட்டையான கேன்வாஸ் ஷூவே நல்லது.

பீபி சுகர் இருக்கவங்க, இதயத்துக்கு மாத்திரை சாப்புடறவங்க, கண்ணுல ரெட்டினா பிரச்சனை இருக்கவங்க டாக்டர கேக்காம பாக்ஸிங் சேராதீங்க, மாஸ்டரே மொத நாள் இதக் கேப்பாரு, மறைக்காம சொல்லுங்க. அவங்களுக்கெல்லாம் சிலம்பம் காலைல பேட்ச்ச நான் சொல்லுவேன், டாக்டர் சரின்னா.

அஞ்சுக்கு நான் நாலரை குடுப்பேன், அந்த அரை பேக்குக்காகவும் பாத்ரூமுக்காகவும் எடுத்தது. இப்ப பெரியவங்க பேட்ச்ல மூணு நாலு பேருக்கு எடம் இருக்கு. ஐஓசி பஸ் ஸ்டாப்புலேந்து கடல் பக்கமா உள்ள வந்து பாக்ஸிங் மாஸ்டர் வீடு எதுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை லீவு, புதன்கிழமை ஜோடி பயிற்சி மட்டும்தான், அதனால வந்து பாக்கணும்னா புதன்கிழமை வந்து பாருங்க.